‘வா’ என்றால் வராத சிப்பிப்பாறை: ட்ரெய்னரோடு 10 வாரம்

நாய்: சிப்பிப்பாறை, ஆண், 8 மாதம், 17 கிலோ. இடம்: கோவில்பட்டி ஓரத்தில் வீட்டுமனைகள் புதிதாக முளைத்துவரும் பகுதி. கேட்டைத் திறந்தால் மண் ரோடு, அதைத் தாண்டினால் சீமைக்கருவேலம், ஆடு, மயில், கீரி. புகார்கள் நான்கு. கேட் இடுக்கில் நழுவி ஓடினால் எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பாது. நடைக்குக் கூட்டிப்போனால் ஆளை இழுத்துக்கொண்டு போகும். விருந்தாளி மேல் தாவும். பிஸ்கட் கண்ணில் பட்டால்தான் உட்காரும். ட்ரெய்னர் வாரத்துக்கு 2 நாள் வந்தார், ஒவ்வொரு முறையும் 45 நிமிடம். மற்றபடி வீட்டார் தினம் 3 வேளை, வேளைக்கு 5 நிமிடம். பாடம் நடப்பது அந்த 5 நிமிடங்களில்தான். ட்ரெய்னர் வருவது அதில் விழுந்த கோணலை நிமிர்த்த.

ட்ரெய்னரைத் தேடும் முன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். இடுப்பில் வலி இருக்கும் நாய் உட்கார மறுத்தால் அது அடம் இல்லை. காதையும் சோதிக்கச் சொல்லவும். முழு வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கினால் காது திரும்புகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கையைத் தட்டிச் சோதித்தால் காற்று மேலே பட்டுத் திரும்பிவிடும், ஏமாந்துபோவோம்.

நாய்ப் பயிற்சித் தொழிலுக்கு இங்கே கட்டாய உரிமம் கிடையாது. அதனால் கேள்வி கேட்டுத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள்? தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? பயிற்சி நடக்கும்போது நாங்கள் பக்கத்தில் இருக்கலாமா? மூன்றாவதுக்கு ‘வேண்டாம்’ என்று வந்தால் முதல் இரண்டுக்கு வந்த பதிலையும் நம்பாதீர்கள். ‘ஒரு மாசம் எங்கிட்ட விடுங்க, திருத்தித் தந்துடறேன்’ என்பவர்களிடம் விட்டால் அங்கே அவருக்கு அடங்கும், வீட்டுக்கு வந்த நான்காம் நாள் பழைய கதை. ஒரு இடத்தில், ஒரு ஆளிடம் கற்றதை இன்னொரு இடத்துக்கு நாய் தானாக எடுத்துவராது.

சோக் செயின், அதாவது இழுத்தால் கழுத்தை நெரிக்கும் சங்கிலி, பற்றிப் பேச்சு வந்தே தீரும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குத் தோல் மெல்லிசு, கழுத்து நீளம், மூச்சுக்குழாய்க்கு மேலே சதைத் திண்டு கிடையாது. சுண்டி இழுத்தால் நாய் அடங்கியதுபோலத் தெரியும். காது பின்னால் ஒட்டியிருக்கும், உதட்டை நக்கும், வால் வயிற்றுக்குள் போயிருக்கும். அது பயத்தில் உறைந்துபோன நாய், பாடம் படித்த நாய் இல்லை. இந்த வீட்டுக்கு வந்தவர் முதல் நாளே பழைய செயினைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொல்லிவிட்டார்.

சாமான்களில் காசு கொடுக்க வேண்டிய இடம் மூன்றுதான். முதலாவது கழுத்துப் பட்டை. இந்த ஜாதிக்குத் தலையைவிடக் கழுத்து பருமன். சாதாரண பெல்ட்டைப் பின்வாங்கியே உருவிக்கொள்ளும். மார்ட்டிங்கேல் பட்டை வேண்டும்: இழுத்தால் கொஞ்சம் இறுகும், ஆனால் நெரிக்காது. காதுக்குச் சற்றுப் பின்னால் வைத்து அளக்கவும். முழுக்க இறுகிய நிலையிலும் பட்டையின் இரு முனை வளையமும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் பட்டை தொளதொளப்பு, உருவிவிடும். இரண்டாவது, முதுகில் வளையம் உள்ள ஹார்னெஸ், அதாவது மார்போடு சுற்றிக் கட்டும் வார். மூன்றாவது, நீளக் கயிறு: 10 மீட்டர், 8 மி.மீ. தடிமன், பின்னல் கயிறு. கயிற்றுக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கொக்கி பித்தளையாக இருக்கட்டும். மலிவு வார்ப்புக் கொக்கி கயிறு நுழையும் காதிலேயே தெறிக்கும். கயிற்றின் கடைசியில் கைப்பிடி வளையம் போடாதீர்கள், கருவேல முள்ளில் மாட்டும். ஒரே ஒரு பெரிய முடிச்சு போதும், காலால் மிதித்தால் அங்கே நிற்கும். 5 மீட்டரில் ஒரு கலர் டேப். பருத்திக் கையுறை ஒரு ஜோடி.

தீனி விஷயத்தில் கணக்கு உண்டு. 17 கிலோ வளரும் நாய்க்கு நாளுக்குச் சுமார் 1000 கலோரி என்று வைத்தால், பயிற்சித் தீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 165 கலோரி. ஆக, நாளுக்கு 60 கிராம். பட்டாணி அளவுக்கு நறுக்கினால் 60 கிராமில் 120 துண்டு தேறும், மூன்று வேளைக்குத் தாராளம். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்து, 60 கிராம் பொட்டலங்களாக ஃப்ரீஸரில் போட்டுவிடலாம். பிஸ்கட் வேண்டாம்: மென்று, சிந்தியதைப் பொறுக்கி முடிக்க 10 நொடி ஆகும், அதற்குள் பாடம் மறந்துவிடும். ஈரல் உலகத்திலேயே நல்ல லஞ்சம்தான், ஆனால் நாலைந்து துண்டோடு நிறுத்தவும். இரண்டாம் வாரம் கொஞ்சம் கை தாராளமாகி, இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் பயிற்சி நின்றது. பாயசம், கேசரியிலிருந்து உலர்திராட்சை கீழே விழாமல் பார்த்துக்கொள்ளவும். நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இனி, முதல் வாரம் முழுவதையும் தின்ற விஷயம்: வார்த்தைகள்.

ட்ரெய்னர் வந்த முதல் நாள் நாயைத் தொடவே இல்லை. வீட்டில் இருந்த நான்கு பேரையும் தனித்தனியாக, ‘நாயை உட்காரச் சொல்லுங்க’ என்றார். ஒருவர் ‘சிட்’ என்றார், ஒருவர் ‘உட்காரு’, பையன் ‘சிட் டவுன்’, பாட்டி ‘உக்காருடா தங்கம், உக்காரு’. நாய்க்கு இவை நான்கு வேறு வேறு சத்தம். இது எல்லா வீட்டிலும் இருப்பதுதான், ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினால் தீரும். தமிழ் வீடுகளுக்கே உரிய சிக்கல் அதற்கு அடுத்தது.

‘வா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சாப்பிட வா’, ‘சீக்கிரம் வா’, போனில் ‘வா வா, வீட்லதான் இருக்கேன்’ என்று ஒரு நாளில் எத்தனை தடவை அது காதில் விழுகிறது? அத்தனையிலும் நாய்க்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. காதில் விழுந்தும் ஒன்றும் நடக்காத சத்தத்தை நாய் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்துவிடும். போதாததற்கு, நாயைப் பார்த்துச் சொன்ன ‘வா’ எல்லாம் குளிப்பாட்டவும் கட்டிப்போடவும்தான். ‘இரு’ என்பதும் அதே ரகம்: ‘இரு, வரேன்’ என்று யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள்.

அடுத்து, எதுகைச் சிக்கல். ‘படு’, ‘விடு’, ‘எடு’ மூன்றும் இரண்டு மாத்திரை, மூன்றும் ‘டு’வில் முடியும். வாயில் செருப்பை வைத்திருக்கும் நாயிடம் ‘விடு’ என்றால் செருப்போடு படுத்துக்கொள்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். அது தப்பாகக் கேட்கவில்லை, நாம்தான் ஒரே மாதிரிச் சொல்லைக் கொடுத்திருக்கிறோம்.

மூன்றாவது, எதிர்மறை. தமிழில் ‘வேண்டாம்’ என்பது சொல்லின் வாலில் வரும். ‘ஏறு’, ‘ஏறாதே’ இரண்டுக்கும் தலை ஒன்றுதான். ‘குதிக்காதே’, ‘குரைக்காதே’ என்றால் நாய்க்கு மிஞ்சுவது ‘காதே’ என்ற கத்தல். அதனால் இந்த வீட்டில் ‘-ஆதே’ முழுக்க நிறுத்தப்பட்டது. தாவாதே என்பதற்குப் பதில் என்ன செய்ய வேண்டுமோ அதைச் சொல்வது: ‘சாக்கு’. அதாவது, போய்ச் சாக்கில் படு.

கடைசியில் ஃப்ரிட்ஜில் ஒட்டிய பட்டியல் இது: சிட், டவுன், ஸ்டே, விடு, சாக்கு, இறங்கு, கூப்பிட ‘கம்’, வெட்டவெளியில் விசில். ஆங்கிலச் சொல் வைப்பது பந்தாவுக்கு இல்லை. அந்தச் சத்தம் வீட்டுப் பேச்சில் அடிபடாது என்பதற்காக. வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் தமிழ்ச் சொல் வைக்கலாம், நாய்க்கு எல்லாம் ஒன்றுதான். ‘கம்’முக்குப் பதில் ‘ஹியர்’ என்று சிலர் வைப்பார்கள். பக்கத்தில் நடக்க ‘ஹீல்’ என்றும் வைத்தால் இரண்டும் ‘ஹீ’யில் தொடங்கி மறுபடி குழப்பும். ‘இனி எழுந்து போகலாம்’ என்று அறிவிக்கும் விடுதலைச் சொல்லாக முதலில் ‘ஓகே’ வைத்ததுதான் பட்டியலில் நடந்த தவறு. நாய் ஸ்டேயில் இருக்கும்போது யாரோ போனில் ‘ஓகே ஓகே’ என்றார்கள், நாய் எழுந்து போய்விட்டது. அதன்மேல் என்ன குற்றம்? மறுநாள் ‘ப்ரீ’ என்று மாற்றியாயிற்று.

‘சரியாச் செஞ்ச’ என்று அந்த நொடியில் அறிவிக்கும் குறிச்சொல் ‘எஸ்’. ‘குட்’ சரிப்படாது, கொஞ்சும்போதும் அதையே சொல்லித் தொலைக்கிறோம். செயலுக்கும் ‘எஸ்’ஸுக்கும் நடுவில் ஒரு நொடிக்குமேல் போனால் நாய் அடுத்துச் செய்ததற்குத்தான் கூலி வாங்குகிறது: உட்கார்ந்ததற்கு இல்லை, எழுந்ததற்கு. இதற்கு நாய் இல்லாமலே ஒரு பயிற்சி உண்டு. ட்ரெய்னர் டென்னிஸ் பந்தைக் கீழே விடுவார், அது தரையைத் தொடும் கணத்தில் ‘எஸ்’ சொல்ல வேண்டும். 20 தடவை. பையன் மூன்றாவதிலேயே பிடித்துக்கொண்டான், பெரியவர்களுக்கு இரண்டு நாள் பிடித்தது.

அதைவிடப் பிடிவாதமான குறை கையில் இருக்கிறது. ‘தம்பி, நீ பேசுறதுக்கு முன்னாடியே கை பைக்குள்ள போயிருது’ என்று ட்ரெய்னர் சொன்னபோது யாரும் நம்பவில்லை. போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டினார். கை அசைகிறது, நாயின் கண் கைக்குப் போகிறது, பிறகுதான் ‘எஸ்’. நாய் சொல்லைக் கேட்கவே இல்லை, கையைப் படிக்கிறது. பிஸ்கட்டைக் கண்டால்தான் உட்காரும் என்ற புகாரின் வேர் இதுதான். மருந்து: இரண்டு கையும் வயிற்றில் கட்டியிருக்க வேண்டும், ‘எஸ்’ சொல்லி, மனதுக்குள் ஒன்று எண்ணி, அப்புறம் கை பைக்குப் போக வேண்டும்.

உட்காருதல் சீக்கிரம் முடிந்தது. தீனியை மூக்கிலிருந்து நெற்றிக்கு மேலே கொண்டுபோனால் பின்பாகம் இறங்கும். 4 தடவை தீனியோடு, ஐந்தாவதிலிருந்து வெறும் கையோடு அதே சைகை. சைகை பழகிய பிறகே சொல், அதுவும் சைகைக்கு அரை நொடி முன்னால், ஒரே தடவை. ‘சிட் சிட் சிட்’ என்றால் மூன்றாவதில் உட்காரத்தான் பழகும். இந்த ஜாதிக்கு எலும்பு துருத்திய உடம்பு. வழுக்கும் டைல்ஸில் உட்கார்வது வேதனை. மடித்த சணல் சாக்கு ஒன்றைப் போட்டதுமே அடம் என்று நினைத்ததில் பாதி காணாமல் போனது. அளவுகோல் எல்லாப் பாடத்துக்கும் ஒன்றே: 10 முயற்சியில் 8 சரி என்றால் ஒரு படி ஏற்று, 5-க்குக் கீழே போனால் ஒரு படி இறக்கு. நேரம், தூரம், கவனச்சிதறல் மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும்.

நடைப் பயிற்சிக்குப் பெரிய ரகசியம் இல்லை, பொறுமைதான். கயிறு இறுகினால் மரம்போல நில். தளர்ந்த கணம் ‘எஸ்’. தீனியை எப்போதும் இடது முட்டியை ஒட்டியே கொடு, முன்னால் நீட்டிக் கொடுத்தால் முன்னாலேயே நடக்கப் பழகும். முதல் வாரம் 20 நிமிடத்தில் நாலு வீடுகூடத் தாண்ட முடியாது. நேரம் காலை ஆறரைக்குள். புறங்கையைத் தார் ரோட்டில் 7 நொடி வைக்க முடியவில்லை என்றால் நாய்க்கும் அந்த ரோடு வேண்டாம். தெருநாய்கள் குரைத்து வந்தால் ஓடவும் கூடாது, கயிற்றைச் சுருட்டி இறுக்கவும் கூடாது. இறுகிய கயிறு ‘ஆபத்து’ என்று நாய்க்குச் செய்தி சொல்லும். அரைவட்டம் திரும்பி, வந்த வழியே நடக்கவும். அவற்றின் எல்லை தாண்டியதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஐந்தாம் வாரம் முதல் கூப்பிட்டால் வரும் பாடம்.

விசிலுக்கு முதலில் மதிப்பு ஏற்ற வேண்டும். உள்ளே குண்டு இல்லாத பிளாஸ்டிக் விசில் வாங்கவும். குண்டு விசில் எச்சிலில் அடைத்துக்கொள்ளும், ஊதும் ஆளுக்கு ஆள் சத்தமும் மாறும். 10 நாள், இரண்டு வேளையும், சாப்பாட்டுத் தட்டு தரையில் படுமுன் இரண்டு குறுகிய ஊதல். பிறகு வீட்டுக்குள் 3 மீட்டர் தள்ளி இரண்டு பேர், மாறி மாறி. பிறகு வாசல். பிறகு ஹார்னெஸில் நீளக் கயிறு கட்டி 5 மீட்டரில், அப்புறம் 10-இல். வந்ததும் முதலில் பட்டையை ஒரு கையால் பிடிக்க வேண்டும், பிடித்தபின் மறுகையால் தீனி, உடனே ‘ப்ரீ’. பட்டை பிடிபடுவதே நல்ல சகுனமாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டடி தள்ளி நின்று கழுத்தை வளைக்கும் விளையாட்டு தொடங்கிவிடும். 5 தடவை கூப்பிட்டால் 4 தடவை மறுபடி விளையாட விட வேண்டும். குளிப்பாட்டவா? விசில் ஊதாதீர்கள், நடந்து போய்ப் பிடித்து வாருங்கள். வராவிட்டால் இரண்டாம் விசில் கிடையாது. தூண்டில் மீனைப்போலச் சுருட்டி இழுப்பதும் கிடையாது. நாய்க்கு முதுகைக் காட்டி எதிர்த் திசையில் ஓடினால் துரத்திக்கொண்டு வரும். அது அதன் பிறவிக் குணம், நமக்குச் சாதகம்.

கயிறு ஏன் பட்டையில் கூடாது, ஹார்னெஸில்தான் வேண்டும் என்பது ஆறாம் வாரம் தெரிந்தது. புதரிலிருந்து கீரி ஒன்று குறுக்கே ஓடியது. கயிறு கையுறையில் தீய்ந்த வாடையோடு உருவிப் போனது, காலடி முடிச்சில் வந்துதான் நின்றது. 17 கிலோ நாய் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் கயிற்றின் முனையை எட்டுவது, 17 கிலோ மூட்டை மூன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த அடி கழுத்தில் விழுந்திருந்தால் நேராக மருத்துவமனைதான். இதே காரணத்தால் கயிற்றை விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றவே கூடாது.

அன்று விசில் ஊதியும் பலனில்லை, பலன் இருக்கவும் வாய்ப்பில்லை. கண்ணால் வேட்டையாடும் ஜாதி இது. கால் கிளம்பிய பிறகு காது மூடிவிடும். ஊத வேண்டியது அதற்கு முந்தின நொடியில். அந்த நொடியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததுதான் ட்ரெய்னருக்குக் கொடுத்த காசுக்கு ஈடு. மூச்சிரைத்துத் திறந்திருந்த வாய் டக்கென்று மூடும். காது உயரும், கழுத்து நீளும், முன்னங்கால் ஒன்று தரையைவிட்டு எழும்பும். வாய் மூடியதும் விசில். கால் எழும்பும்வரை காத்திருந்தால் பாதி வாய்ப்பு போயிற்று. நான்கு நாள் நாயைப் பார்க்காமல் நாயின் வாயையே பார்த்து நடந்தால் பழகிவிடும்.

துரத்தும் ஆசைக்கு வடிகாலும் வேண்டும். ஒன்றரை மீட்டர் பி.வி.சி. பைப், முனையில் பைப்பின் நீளத்துக்கே ஒரு கயிறு, கயிற்று நுனியில் பழைய துண்டு. சிட் சொல்லி, ‘ப்ரீ’ சொல்லி, துண்டைத் தரையோடு இழுத்து ஓட்டவும். பிடித்ததும் ‘விடு’, துண்டுக்கு மாற்றாகக் கறி. 3 நிமிடம் போதும். துண்டை மேலே தூக்கித் துள்ள வைக்காதீர்கள், வெட்டி வெட்டித் திருப்பாதீர்கள். இந்த வயதில் கால் எலும்பின் வளர்முனை இன்னும் மூடியிருக்காது.

கேட்டுக்குத் தனிப் பாடம். ஓட்டத்தைத் தூண்டியது திறந்த கேட் இல்லை, தாழ்ப்பாளின் ‘கிளிக்’. அதனால் கேட்டைத் திறக்காமல் தாழ்ப்பாளை மட்டும் ஆட்டி, சாக்கில் கறி. ஒரு நாளில் 30 ‘கிளிக்’, ஒன்றுக்கும் கேட் திறக்காது. நான்காம் நாள் சத்தம் கேட்டதும் நாய் சாக்கைப் பார்த்து ஓடியது. பிறகு ஒரு சாண் திறப்பு, பிறகு பாதி, பிறகு பால்காரர். விருந்தாளி மேல் தாவுவதும் இதிலேயே அடங்கிவிட்டது, தனியாக ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் கேட்டின் அடி இடுக்கில் வலை அடித்து, உள்பக்கம் ஒரு அரைக் கதவும் போட்டாயிற்று. பூட்டு செய்ய வேண்டிய வேலையைப் பயிற்சியிடம் கொடுக்கக் கூடாது.

எட்டாம் வாரம் எல்லாம் சரிந்தது. உட்காரக்கூட யோசித்தது. பருவ வயதுக் கோளாறு என்று விட்டுவிடலாம், ஆனால் நோட்டைப் புரட்டினால் வேறு தெரிந்தது: முந்தைய வாரம் ‘இப்பத்தான் கத்துக்கிச்சே’ என்று தீனியை ஒரேயடியாக நிறுத்தியிருந்தார்கள். குறைப்பது என்றால் இரண்டுக்கு ஒன்று, பிறகு ஒழுங்கில்லாமல் மூன்றுக்கு ஒன்று, நடுநடுவே ஒரே தடவையில் ஐந்து துண்டு. விசிலுக்கு மட்டும் குறைப்பே கிடையாது, ஆயுளுக்கும் கூலி உண்டு. இரண்டு படி இறங்கித் தொடங்கியதில் ஆறு நாளில் பழைய நிலை வந்தது.

பத்தாம் வாரக் கடைசியில் நிலவரம்: வீட்டிலும் வாசலிலும் ‘கம்’ நம்பகம். வெட்டவெளியில் எதுவும் அசையாதபோது விசிலுக்கு 10-க்கு 9. நிற்கும் ஆடு என்றால் 60 மீட்டர் தள்ளி நின்றால் வருகிறது; ஓடும் ஆட்டுக்கும் மயிலுக்கும் இன்னும் பாஸ் இல்லை. மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பறவை, விளையாட்டாகத் துரத்தியது என்றெல்லாம் வனத்துறையிடம் சொல்ல முடியாது. ஒன்றரை வயது வரை நீளக் கயிறு கழலப்போவதில்லை. ட்ரெய்னர் இனி மாதம் ஒருமுறை. அடுத்த பாடம் நிற்கும் ஆடுதான், 50 மீட்டரில். கொக்கியில் துரு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது, அதற்குள் மாற்ற வேண்டும். பித்தளை என்று சொல்லி முலாம் பூசியதைக் கொடுத்திருக்கிறார்கள்.